பாட்டியை வரவழைக்க முடியாதவர்களின் பால்வாடி

(ஆய்வு மாணவர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'அயல்நாட்டு ஆய்வுப் படிப்பும் சாதியும்'. இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் விண்ணப்பம், உதவித்தொகை, நெறியாளர், அங்கே போனபின் வெள்ளையரிடம் படும் நிறவெறி, நம்மவரிடம் படும் சாதிவெறி என்று வரிசையாகப் பேசுவார்கள். எல்லாம் பேசவேண்டியவைதான். ஆனால் நான் பெர்லினுக்குப் போன முதல் 7 மாதம் இவற்றில் எதைப் பற்றியும் யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளையைப் பகலில் எங்கே விடுவது என்ற ஒரே கவலைதான். அதனால் இன்று பால்வாடியைப் பற்றிப் பேசப்போகிறேன். தலைப்பை விட்டு விலகுகிறேன் என்று நினைக்கவேண்டாம். சாதி அயல்நாட்டில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்தைவிட இந்த விஷயத்தில்தான் நான் நெருங்கிப் பார்த்தேன்.

முதலில் எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 3 ஆண்டு ஒப்பந்தம், 65 விழுக்காடு வேலை. இந்த 65 சம்பளத்துக்கான கணக்கு. ஆய்வுக்கு நூறும் வேண்டும். என் இணையர் இங்கே கௌரவ விரிவுரையாளர் வேலையை விட்டுவிட்டு உடன் வந்தார். மொழி தெரியாத ஊரில் அவருக்கு முதலில் கிடைத்தது ஒரு கிடங்கில் இரவு வேலை. காலை 7 மணிக்கு அவர் வீடு திரும்புவார். 8 மணிக்கு நான் கிளம்புவேன். இரவெல்லாம் பெட்டி தூக்கிய மனிதர், நடக்கப் பழகி எதையும் இழுத்துப்போடும் பிள்ளையை மாலைவரை தூங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். இப்படி எத்தனை மாதம் ஓட்டமுடியும், சொல்லுங்கள்.

ஜெர்மனியில் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துக்குக் கீட்டா என்று பெயர். 2013 ஆகஸ்ட் 1 முதல், ஒரு வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் காப்பிடம் பெறும் சட்ட உரிமை அங்கே உண்டு. அந்த உரிமைக்குப் பல்லும் உண்டு. லைப்சிக் நகரத் தாய்மார் 3 பேர் வழக்குப் போட்டார்கள். இடம் கிடைக்காததால் வேலைக்குப் போகமுடியவில்லை, எங்கள் சம்பள இழப்புக்கு நகராட்சி பதில் சொல்லட்டும் என்றார்கள். இழப்பீடு கேட்கலாம் என்று 2016இல் அந்நாட்டின் கூட்டாட்சி உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெர்லினில் 2018 ஆகஸ்ட் முதல் கீட்டாவுக்குக் கட்டணமும் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 23 யூரோ.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? நடைமுறை வேறு. நீங்கள் குடியிருக்கும் பகுதியின் இளையோர் நல அலுவலகத்தில் எழுதிப்போட்டு முதலில் ஓர் அனுமதிச்சீட்டு வாங்கவேண்டும். இந்தக் குழந்தைக்கு நாளொன்றுக்கு இத்தனை மணி நேரம், செலவு அரசுடையது என்று அதில் இருக்கும். அந்தச் சீட்டோடு இடம் தேடி அலைவது பெற்றோர் பாடு. நகர அரசு நடத்தும் கீட்டா உண்டு, தேவாலயமும் தொண்டு அமைப்புகளும் நடத்துபவை உண்டு, பெற்றோர்கள் சேர்ந்து நடத்துபவையும் உண்டு. யாரைச் சேர்ப்பது என்பதைப் பெரும்பாலும் அந்தந்தக் கீட்டாதான் முடிவு செய்யும். ரேஷன் அட்டை கையில் இருக்கிறது, கடையில் சரக்கு இல்லை என்றால் நம்மூரில் என்ன நிலைமையோ அதே நிலைமைதான்.

நான் 47 கீட்டாக்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். பதில் எழுதியவை 6. ஆறும் 'வரிசையில் பெயரைச் சேர்த்திருக்கிறோம்' என்ற ஒரே பதில்தான். இதில் பெயரின் பங்கு என்ன என்ற கேள்வி எழத்தானே செய்யும்? இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். கற்பனைப் பெற்றோரின் பெயரில் ஜெர்மனி முழுக்க 18,000க்கும் மேற்பட்ட கீட்டாக்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். பெயரை வைத்தே இவர் குடியேறியவர் என்று தெரிந்த கடிதங்களுக்கு 4.4 விழுக்காட்டுப் புள்ளி குறைவாகப் பதில் வந்தது. அரசே கட்டணம் கொடுக்கும் இடத்தில், சட்டம் எல்லோருக்கும் சமம் என்கிற இடத்தில், முதல் கடிதத்திலேயே இந்த வேறுபாடு. ஆகவே அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை.

இடம் கிடைக்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? இந்தியர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் அலுவலகத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு தோழி இருந்தார். நல்லவர், நன்றாகப் படிப்பவர், எனக்கு உதவி செய்தவர். அவருக்கும் என் பிள்ளை வயதில் ஒரு பிள்ளை. அவர் கீட்டா தேடவே இல்லை. "எங்களுக்குப் பாட்டி ரொட்டேஷன்" என்று சிரிப்பார். சுற்றுலா விசாவில் வருகிறவர் 180 நாளில் 90 நாள் தங்கலாம். அவருடைய அம்மா 90 நாள் இருந்துவிட்டுப் போவார். மாமியார் வந்து அடுத்த 90 நாள் இருப்பார். அதற்குள் அம்மாவுக்கு மறுபடியும் நாள் கணக்குத் திறந்துவிடும். இரண்டு பாட்டிகள் சேர்ந்தால் ஒரு வருடம் முழுசாக அடைந்துவிடுகிறது.

இந்தக் கணக்குக்குள் என்னென்ன இருக்கிறது என்று நான் ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். இரண்டு பாட்டிகளுக்கும் கடவுச்சீட்டு வேண்டும். வங்கி இருப்பு, ஓய்வூதியச் சான்று, வீட்டுப் பத்திரம் எல்லாம் காட்டவேண்டும். திரும்பிப் போவார் என்று தூதரகம் நம்பவேண்டுமே. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. வருடத்துக்கு நாலு முறை விமானக் கட்டணம். இவற்றுக்கெல்லாம் மேலே, 90 நாள் வீட்டைப் பூட்டிவிட்டு வரக்கூடிய ஒரு பாட்டி வேண்டும். அவருடைய கூலியை நம்பி யாரும் இருக்கக்கூடாது.

என் அம்மாவிடம் கடவுச்சீட்டு கிடையாது. 22 வருடமாக அங்கன்வாடி உதவியாளராக இருக்கிறார். ஊரில் அங்கன்வாடி என்று யாரும் சொல்வதில்லை. பால்வாடி ஆயா என்றுதான் அழைப்பார்கள். அவர் 90 நாள் விடுப்பு எடுத்தால் அந்தப் பால்வாடியில் யார் அடுப்புப் பற்றவைப்பது? ஊரார் பிள்ளைகள் 20 பேருக்குச் சோறு ஊட்டுகிறவரால் சொந்தப் பேரப்பிள்ளைக்கு ஊட்ட வரமுடியவில்லை.

தோழியின் ஆய்வேடு குறித்த காலத்தில் முடிந்தது. நன்றியுரையில் இரண்டு பாட்டிகளுக்கும் அழகாக நன்றி சொல்லியிருக்கிறார். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு நாங்கள் இருவரும் ஒரே பணியிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, 'இவர் 3 ஆண்டில் முடித்தார், இவருக்கு ஏன் நாலரை ஆண்டு?' என்று கேட்பார்கள். அதற்குத் 'தகுதி' என்று பெயர் வைப்பார்கள். அந்தத் தகுதிக்குள் இரண்டு விசாவும் ஒரு வீட்டுப் பத்திரமும் இருப்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

பாட்டி இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, 'நம்ம ஆளுங்க'. அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில், வீட்டிலேயே ஒன்றிரண்டு பிள்ளைகளைப் பணத்துக்குப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் எண் கிடைக்கும். ஒருவரோடு பேசினேன். மாதம் 400 யூரோ என்றார். ஒத்துக்கொண்டேன். பிறகு இந்த உரையாடல் நடந்தது.

"எந்த ஊரும்மா நீங்க?"

"விழுப்புரம் பக்கம்க்கா."

"விழுப்புரத்துல எங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அட, அங்க எங்க மாமியார் வீட்டு வழில சொந்தக்காரங்க இருக்காங்களே. பஸ் ஸ்டாப்புல இறங்கி எந்தப் பக்கம் போகணும் உங்க வீட்டுக்கு?"

நம்மூரில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கத்தை ஒழித்தோம். அது பெரிய சாதனை, அதில் எனக்கு ஐயம் இல்லை. அதனால்தான் கேள்வி இப்படிப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறது. ஏரிக்கரைப் பக்கம் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், எதற்குச் சொல்லவேண்டும்?

"ஓ... சரிம்மா. எங்க வீட்ல ப்யூர் வெஜ். குழந்தைக்கு நீங்க எல்லாம் பழக்கியிருப்பீங்க, அது கஷ்டப்படும். சனிக்கிழமை கூப்புட்டுச் சொல்றேன்."

சனிக்கிழமை அழைப்பு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே வீட்டில் இன்னொரு தமிழ்ப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டில் ஞாயிறுதோறும் ஆட்டுக்கறிதான். எனக்கே ஒருமுறை டப்பாவில் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். ஆக, சைவம் என்பது கறியைப் பற்றிய பேச்சில்லை.

ஜெர்மன் கீட்டாவின் மௌனத்துக்கும் இந்த அக்காவின் சனிக்கிழமைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கீட்டா இடம் மறுத்தால் நான் கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது, எழுத்தில் ஆட்சேபம் போடலாம், நீதிமன்றம் போகலாம். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டித் தப்பிக்கமுடியாது என்று பெர்லின் நகரத்துக்கே 2018இல் நிர்வாக மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அக்காவின் வீட்டு வாசலில் போய் எந்தச் சட்டத்தைக் காட்டுவது? இனத்தவர் உதவி, ஊர்க்காரர் உதவி என்று புலம்பெயர்ந்தோர் வாழ்க்கையைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறார்களே, அந்த உதவி யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் யாராவது எழுதினால் நல்லது.

கடைசியில் எனக்கு வழி சொன்னவர் ஓர் ஈழத்து அம்மா. 1980களில் அகதியாக வந்தவர். ஒரு கீட்டாவின் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மளிகைக் கடையில் பிள்ளை அழுதபோது அறிமுகமானோம். அவரும் என் ஊரைக் கேட்டார். சொன்னேன். அது சென்னைக்குக் கிட்டவா என்று கேட்டார், அதோடு சரி. ஈழத்தவரிடம் சாதி இல்லை என்று சொல்லமாட்டேன். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் என்ன நடந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியும். இவர் கேட்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். "பிள்ளை, மெயில் போட்டுக்கொண்டிருந்தா ஒண்டும் நடவாது. குழந்தையையும் தூக்கிக்கொண்டு நேரா போய் நில்லும். முகத்தைப் பாத்தா இல்லையெண்டு சொல்லக் கஷ்டப்படுவினம்" என்றார்.

அப்படியே போய் நின்றேன். அரைகுறை ஜெர்மனில் நான்கு வரி மனப்பாடம். ஒருபக்கம் அலுவலகத்துக்கு, இடம் தேடிய 47 முகவரிகளையும் பட்டியல் போட்டு, எனக்குச் சட்டப்படி உள்ள இடத்தை நீங்களே காட்டுங்கள் என்று கடிதம் எழுதினேன். ஏழாவது மாதம் நகர அரசு நடத்தும் ஒரு கீட்டாவில் இடம் வந்தது.

அங்கே பிள்ளையை முதல் நாளே விட்டுவிட்டு வரமுடியாது. பழக்குதல் என்று ஒரு காலம் வைத்திருக்கிறார்கள். 'பெர்லின் முறை' என்றே அதற்குப் பெயர். முதல் 3 நாள் அம்மாவோ அப்பாவோ அறையின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும். நான்காம் நாள்தான் முதன்முதலாகச் சில நிமிடம் வெளியே போய்ப் பார்ப்பது. பிள்ளை ஆசிரியரின் தோளில் அழுது ஆறுகிறதா என்று பார்த்துத்தான் நேரத்தைக் கூட்டுவார்கள். எங்களுக்கு 4 வாரம் ஆனது. அந்த 4 வாரமும் நான் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவற்றை என் ஆய்வுக் களக்குறிப்பைவிடக் கவனமாக எழுதி வைத்திருக்கிறேன். சேர்க்கைப் படிவத்தில் ஒவ்வாமை என்ன, தூங்க என்ன வேண்டும், வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்டார்கள். ஆசிரியர் என்னிடம் பத்துச் சொற்களைக் கேட்டு வாங்கினார். தண்ணி, பசிக்குது, போதும், வலிக்குது, தூக்கு. அவற்றை ஜெர்மன் எழுத்தில் ஒரு தாளில் எழுதி, துணி மாற்றும் மேசைக்கு மேலே ஒட்டிவைத்தார். பக்கத்தில் அரபிக்கு ஒரு தாள், வியட்நாமியத்துக்கு ஒரு தாள்.

இதையெல்லாம் அம்மாவுக்குக் காணொளி அழைப்பில் காட்டினேன். கட்டிடம், மணல்தொட்டி, குட்டிக் கழிவறை எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சோறு யார் ஆக்குறாங்க? எல்லாப் புள்ளைங்களும் துன்னுதா?"

இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். அம்மாவின் பால்வாடி காலனியில் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளின் பெயரும் பதிவேட்டில் உண்டு. மாதம் ஒருமுறை எடை போட வருவார்கள். சத்துமாவுப் பாக்கெட்டை வாங்கிக்கொள்வார்கள். அது ஆலையில் பொட்டலம் கட்டியது. மதியச் சோற்றுக்குப் பிள்ளையை விடமாட்டார்கள். அது என் அம்மா ஆக்கியது. வாரம் 3 நாள் முட்டை போடுகிறார்கள். முட்டையை மட்டும் வேகவைக்காமல் கொடுத்துவிடுங்கள் என்று ஒருவர் வந்து கேட்டதுகூட உண்டு. ஓடு இருக்கிறதல்லவா, தீட்டு உள்ளே போகாது போலிருக்கிறது. 2018இல் அவிநாசி அருகே ஒரு பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக்கூடாது என்று ஊரே திரண்டது செய்தியானது. அம்மாவின் பால்வாடியில் யாரும் திரளவில்லை, கூச்சல் போடவில்லை. பிள்ளையை அனுப்பாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். இது எந்தச் செய்தித்தாளிலும் வராது.

இந்தியாவில் இதற்குச் சட்டமும் தீர்ப்பும் இல்லாமல் இல்லை. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியது. அங்கன்வாடி அமைக்கும்போது பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று 2004இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. உதவியாளருக்கு ஒன்றிய அரசின் மதிப்பூதியம் 2018 உயர்வுக்குப் பிறகு மாதம் 2,250 ரூபாய். மாநில அரசு தன் பங்கைச் சேர்க்கிறது. பணிக்கொடைக்கு இவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லவே 2022 வரை உச்சநீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருந்தது. 22 வருடம் வேலை பார்த்தாலும் அது 'மதிப்பூதியம்'. மதிப்பைத் தேடவேண்டும், ஊதியத்தையும் தேடவேண்டும்.

ஜெர்மனியும் இதில் பிறவிப் புண்ணியவான் இல்லை. 1840இல் ஃப்ரோபெல் தொடங்கிய கிண்டர்கார்டனைப் பிரஷ்ய அரசு 1851இல் தடைசெய்து, 1860 வரை திறக்கவிடவில்லை. மேற்கு ஜெர்மனியில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பெண்ணை 'அண்டங்காக்கைத் தாய்' என்று ஏசுவார்கள். நாம் காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்கிறோம். அவர்கள் ஊர்க் காக்கை என்ன பாவம் செய்ததோ. கிழக்கு ஜெர்மனிப் பெண்கள் வேலைக்குப் போக, கைக்குழந்தைக் காப்பகங்கள் அங்கே பெருகின. இன்றும் 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் காப்பகத்தில் சேர்ப்பது கிழக்கில்தான் அதிகம். 2024இல் பெர்லின் நகரக் கீட்டா ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பள உயர்வு அவர்கள் முதல் கோரிக்கையாக இல்லை. ஓர் ஆசிரியருக்கு இத்தனை பிள்ளைகள்தான் என்று எழுதிக்கொடுங்கள் என்றார்கள். காலவரையற்ற வேலைநிறுத்தத்தை நீதிமன்றம் தடுத்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்று கேட்கவேண்டுமே! "இவங்களுக்கு இதே வேலை" என்று ஊரில் முற்போக்கு பேசியவர்களே எழுதினார்கள். வீடு பெருக்க வருகிறவர் ஒருநாள் விடுப்பு எடுத்தால் வரும் அதே எரிச்சல்தான்.

நம் இயக்கத்தில் அயல்நாட்டுப் படிப்பு என்றதும் 1913இல் நியூயார்க்கில் இறங்கிய அண்ணல் அம்பேத்கரைத்தான் நினைப்போம். அப்போது மகன் யஷ்வந்துக்கு ஒரு வயது நிறையவில்லை. பிள்ளை ரமாபாயிடம் பம்பாயில். அவர்களுக்குப் பிறந்த 5 பேரில் 4 பேர் குழந்தைகளாகவே இறந்தார்கள். கொலம்பியாவையும் லண்டனையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாம் இந்த வீட்டைப் பற்றி 'தியாகம்' என்ற ஒரு சொல்லோடு நகர்ந்துவிடுகிறோம். அவர் அப்படி நகரவில்லை. 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நலன், அந்தச் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்கவேண்டும், அவள் உழைப்பில் பலன் பெறும் முதலாளியும் ஏற்கவேண்டும் என்பது அவர் வாதம். பிள்ளை வளர்ப்பைக் குடும்பத்தின் தலையிலிருந்து அரசின் கணக்கில் எழுதச் சொன்ன வாதம் அது. கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஆகப்போகிறது.

இங்கே இருக்கிற தோழிகளுக்கு இப்போது என்ன இருக்கிறது? ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்புத் தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி சொல்கிறது. 241ஆம் நாள் பிள்ளை எங்கே போகும்? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். உதவித்தொகை பெறும் ஆய்வு மாணவியை ஊழியர் என்று எந்தப் பல்கலைக்கழகம் எண்ணுகிறது? விடுதியில் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாமல் படிப்பை நிறுத்திய இரண்டு பேரை எனக்கே தெரியும். இருவரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். உதவித்தொகை தாமதமானால் நாம் முற்றுகை இடுகிறோம், நியாயம். வளாகத்தில் ஒரு பால்வாடி கேட்டு ஒரு துண்டறிக்கைகூட நாம் போட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த கோரிக்கைப் பட்டியலில் அதைச் சேர்க்கவேண்டும் என்று இந்தக் கூட்டத்தில் முன்மொழிகிறேன். ஆய்வு மாணவி, பேராசிரியர், விடுதியில் பாத்திரம் துலக்குகிறவர் என மூவரின் பிள்ளைகளுக்கும் ஒரே அறை, ஒரே அடுப்பு என்று அதில் எழுதவேண்டும். சமைப்பவருக்கு மதிப்பூதியம் என்று போடாமல் சம்பளம் என்று போடவேண்டும்.

அயல்நாட்டுக்குப் பிள்ளையோடு கிளம்புகிறவர்களுக்காக, அங்கே இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து 14 பக்கத்தில் தமிழிலேயே ஒரு குறிப்பு தயாரித்திருக்கிறோம். சீட்டுக்கு எப்போது விண்ணப்பிப்பது, ஆட்சேபக் கடிதம் எப்படி எழுதுவது, நேரில் போய்ச் சொல்லவேண்டிய அந்த நான்கு வரி ஜெர்மன், எல்லாம் இருக்கிறது. இப்போதைக்கு ஜெர்மனிக்கு மட்டும்தான். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் எழுதிக்கொடுத்தால் சேர்த்துக்கொள்வோம். யாரிடமும் ஊர் கேட்கமாட்டோம். வேண்டுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைத் தோழரிடம் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஜெய்பீம்.